ரெண்டு புது பெல்ட்டு, ஒரு பழசு

மெசின் கார்டை யாரு கழட்டுனதுன்னுதானே கேக்குறீங்க? சொல்றேன் மேடம். அதுக்குத்தானே கூப்புட்டு உக்கார வெச்சிருக்காங்க, ஃபேனெல்லாம் போட்டு. இருபத்திரெண்டு வருஷத்துல இந்த ஆபீஸ் ரூம்ல எனக்குன்னு சேர் போட்டது இன்னிக்குத்தான். டீ வேற. குடிங்க, ஏலக்காய் போட்டிருக்கான். இன்சூரன்ஸ்லேர்ந்து ஆள் வந்தா மட்டும் இங்க டீயில ஏலக்காய் விழும்.

தும்முங்க, தும்முங்க, தப்பில்ல. மொளகாப் பொடி கம்பெனிக்கு வந்துட்டு தும்மாம போனாத்தான் எங்களுக்கு மரியாதைக் கொறைச்சல்.

அகல்யான்னா சொன்னீங்க? பேசும்போதே கோயம்புத்தூர்னு தெரியுது. புனே வந்து ஆறு மாசமா, சரி சரி, போகப்போக பழகிடும். நான் கோவிந்தராஜன். ஃபிட்டர். எங்கப்பா வேலூர்லேர்ந்து மிலிட்டரி வொர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவரு, நான் பொறந்தது வளந்தது எல்லாம் இங்க தாபோடி. இங்க எல்லாருக்கும் நான் கோவிந்த் மாமா. அதோ வாசல்ல போனை நோண்டிக்கிட்டே நம்மளப் பாத்து சிரிக்கிறாரே, அவரு ஜெயந்த் சாஹேப். மொதலாளியோட அக்கா புள்ள. மேனேஜ்மெண்ட் படிச்சவரு. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அதனாலதான் உங்களப் பாத்ததும் எனக்கு சந்தோஷம், அவரு வாசலை விட்டு நகர மாட்டேங்குறாரு. அவரு சிரிச்சா நீங்களும் லேசா சிரிச்சு வைங்க, பாவம்.

கார்டுக்கு வரேன். மொதல்ல பெல்ட்டு. பெல்ட்டு தெரியாம கார்டு புரியாது மேடம். மொளகா அரைக்கிற மெசின் பாத்தீங்கல்ல, கீழ மோட்டார், மேல அரைக்கிற டிரம். ரெண்டுலயும் மூணு காடி, அதாவது பள்ளம், வெட்டின சக்கரம். அந்தக் காடியில மூணு கறுப்பு பெல்ட்டு ஓடும். மோட்டாரோட பலத்த மூணும் பங்கு போட்டு மேல கொண்டு போகும். ஓடுற பெல்ட்டுல கை போயிடக் கூடாதுன்னு மேல ஒரு இரும்பு வலை மூடி, அதான் கார்டு. நாலு போல்ட்டு. கழட்ட ரெண்டு நிமிஷம், மாட்ட ரெண்டு நிமிஷம். எழுதிக்குங்க, ரெண்டு நிமிஷம்.

மூணு பெல்ட்டுல ஒண்ணு தேஞ்சா மூணையும் சேத்து மாத்தணும். இது சின்னப் புள்ளைக்கும் தெரியும். பழசு இழுபட்டு நீளமாயிருக்கும், புதுசு வெறப்பா இருக்கும். கலந்து போட்டா புதுசு ரெண்டும் உழைக்கும், பழசு சும்மா ஆடிக்கிட்டே கூட வரும். நம்ம ஆபீஸ்ல ஜெயந்த் சாஹேப் கூட வராரே, அந்த மாதிரி. சிரிச்சீங்கல்ல? அவரும் சிரிக்கிறாரு பாருங்க. நல்லவரு.

ஆடி மாசத்துலேர்ந்து கேட்டேன், பெல்ட்டு வேணும் பெல்ட்டு வேணும்னு. மெசின் காலையில ஸ்டார்ட் பண்ணா நாய் வாலை மிதிச்ச மாதிரி கத்தும். ரப்பர் தீயிற நாத்தம் மொளகா நெடியையும் தாண்டி வரும். கடைசியா நவராத்திரில ஒரு நாள் சாஹேப் பெரிய மனசு பண்ணி வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு. மூணாவது எங்க சாஹேப்னு கேட்டேன். அது நல்லாத்தான இருக்கு மாமான்னாரு. ஆனை வாங்கினவரு அங்குசத்துல மிச்சம் புடிக்கிறாரு. செருப்பு ஒண்ணு அறுந்தா ஒரு காலுக்கு மட்டும் வாங்குவீங்களா மேடம்? இவங்க வாங்குவாங்க.

நான் மாட்டலியான்னா, மாட்டுனேன். பேசுறதுல நான் சிங்கம், மாட்டுறதுல ஆட்டுக்குட்டி. கண்டே நவமிக்கு மொத நாள் சாயங்காலம் ரெண்டு புதுசு, ஒரு பழசு, மாட்டி ஓட்டியாச்சு. கண்டே நவமின்னா நம்ம ஆயுத பூஜைதான், இங்க அப்படிச் சொல்வாங்க.

புது பெல்ட்டு கொஞ்ச நேரம் ஓடினாலே தளரும். அதனால மறுநாள் திரும்ப இழுத்து வைக்கணும். மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரைக் கொஞ்சம் பின்னால தள்ளி, திரும்ப முறுக்கணும். நடுவுல கட்டை விரலால அழுத்துனா விரல் தடிமன் அளவுக்கு உள்ள போகணும், அதுதான் கணக்கு. ரொம்ப இழுத்தா பேரிங் போயிடும், ரொம்ப விட்டா வழுக்கும். என் விரலை நம்பித்தான் மேடம் இந்த ஃபேக்டரியே ஓடுது. அந்த செவுத்துல போஸ்டர் இருக்கு பாருங்க, ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தன் ஈன்னு இளிக்கிறான், பாதுகாப்பே முதல்னு மராத்தியில எழுதியிருக்கு. அவனை அங்க ஒட்டி ஏழு வருஷம் ஆச்சு, ஒரு போல்ட்டு முறுக்குனதில்ல. போன சேஃப்டி வாரத்துல கேள்வி பதில் போட்டி வெச்சாங்க. ஃபர்ஸ்ட் பிரைஸ் ஸ்டீல் டிபன் பாக்ஸ். யாரு வாங்குனான்னு நினைக்கிறீங்க? தினேஷ். கையில அடிபட்டு ஆஸ்பத்திரில படுத்திருக்கானே, அவனேதான்.

எங்க தெருப் பையன்தான். பையன்னா முப்பத்தி மூணு வயசு, கல்யாணம் ஆயாச்சு, வைஷுன்னு நல்ல பொண்ணு. மெசின் ஆப்பரேட்டர். வேலையில சுத்தம். இப்ப வலது கையில ரெண்டு விரல். இல்லாத விரலைச் சொல்றேன்.

அன்னிக்கா? நவமி அன்னிக்குக் காலையில பெல்ட்டை இழுத்து வெச்சாச்சு. கார்டு கீழதான் இருக்கு. அந்த நேரம் மொதலாளியம்மா ராஜஸ்ரீ தாயி பூஜைத் தட்டோட வந்துட்டாங்க. மூட வேணாம், உள்ள இருக்கிற சக்கரத்துக்கும் குங்குமம் வைக்கணும்னாங்க. சந்தனம், குங்குமம் வெச்சாச்சு. மோட்டாருக்குத் தடியா ஒரு சாமந்தி மாலை. என் ஸ்பானர் எல்லாம் கழுவித் தொடச்சு, பெருசு சின்னதா வரிசையா இலை மேல சாமி முன்னாடி வெச்சாச்சு. பட்ஜி, அதான் இவங்க புரோகிதர், மந்திரம் சொன்னாரு, ஆரத்தி காட்டுனாரு, பேடா கொடுத்தாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது.

இங்கதான் மேடம் நம்ம ஊர்ப் பழக்கம் வேற, இவங்க பழக்கம் வேற. நம்ம வீட்ல என்ன? பூஜையில வெச்சதை அன்னிக்குத் தொடக் கூடாது. புஸ்தகம் வெச்சா படிக்க மாட்டோம், அருவா வெச்சா வெட்ட மாட்டோம். மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுப்போம். அதனால நான் என்ன நினைச்சேன், இன்னிக்கு மெசின் ஓடாது, நாளைக்கு ஸ்பானர் எடுத்ததும் மொத வேலையா கார்டை மாட்டிடலாம். இவங்களுக்கு அப்படியெல்லாம் கெடையாது, பேடா வாயில இருக்கும்போதே வேலை ஆரம்பிப்பாங்க. சாஹேப் வந்து சாலூ கரா, சாலூ கரான்னு கை தட்டுறாரு. ஆரம்பிங்கன்னு அர்த்தம். தீபாவளி ஆர்டராம், இருநூறு கிலோ. நான் சொன்னேன், சாஹேப், ஸ்பானர் சாமிகிட்ட இருக்குன்னு. அவரு சொன்னாரு, ஸ்பானர் ரெஸ்ட் எடுக்கட்டும் மாமா, மெசின் ரெஸ்ட் எடுக்க வேணாம். அந்த வாய்க்கே மேனேஜ்மெண்ட் பட்டம் கொடுத்திருப்பாங்க போல.

ஓட்டியாச்சு. ரெண்டு புது பெல்ட்டும் ஒழுங்கா ஓடுது. பழசு இருக்கே, அது தளர்ந்து போயி வெளிய வெளிய அடிக்குது. அந்த அடியில மாலை நூல் மாட்டிக்கிச்சு. சாமந்திப் பூ எல்லாம் மஞ்சளா பறக்குது. சாமி மாலை அறுந்து போச்சுன்னா ஆகாதுன்னு தினேஷ் டக்குனு கையை நீட்டுனான். போஸ்டர்ல இருக்கிறவன் அப்பவும் இளிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்.

ஆமா மேடம், கம்பெனி உங்களுக்குக் கொடுத்த பேப்பர்ல வேற மாதிரி இருக்கும். படிச்சிருக்கேன். படிச்சேன்னா, சாஹேப் படிச்சுக் காட்டுனாரு. பெல்ட்டு வழுக்குதுன்னு தினேஷே ஓடுற மெசின்ல கார்டைக் கழட்டி, புடிப்புக்குப் பவுடர் போடப் போனான், அவன் அஜாக்கிரதைன்னு இங்கிலீஷ்ல அழகா டைப் அடிச்சிருக்காங்க. ஒரு தப்பு கெடையாது, கமா எல்லாம் வெச்சு. அவன் தப்புன்னு ஆயிட்டா வைத்தியத்துக்கும் ஒண்ணும் வராது, வேலையும் போயிடும், அதானே? நீங்க சொல்ல வேணாம், எனக்கே தெரியும்.

என் கையெழுத்தா? இருக்கும். ஏழு பேர் கையெழுத்து இருக்கும், அதுல அஞ்சாவது நான். எங்க போடணுமோ அங்க பென்சில்ல டிக் அடிச்சு வெச்சிருந்தாங்க, நமக்குக் கஷ்டமே வெக்கல. எனக்கு ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு மேடம். எட்டு மாசத்துக்காக என்னென்ன பண்ணலாம்னு பாத்தா, நெறைய பண்ணலாம் போல.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போயி தினேஷைப் பாத்தீங்கன்னாங்களே. அவன் என்ன சொன்னான்? கார்டு யாரு கழட்டுனதுன்னு அவன்கிட்டயும் கேட்டிருப்பீங்கல்ல?

ஞாபகம் இல்லன்னா?

ஞாபகம் இல்லன்னு சொன்னானா அவன்.

அரே, நல்ல கதையா இருக்கே. போன தீபாவளிக்கு யாருக்கு எத்தனை லட்டு கம்மியா வந்துச்சுன்னு பேர் பேரா சொல்றவன் மேடம் அவன். அவனுக்கு ஞாபகம் இல்லியாமா.

இல்ல, கண்ணு எரியுது. மொளகா.

உங்களுக்கு ஒண்ணு சொல்லல. என் ஸ்பானரை இந்த ஃபேக்டரியில யாரும் தொடக் கூடாது. மொதலாளியே தொட்டாலும் நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவேன். அது என் சட்டம், எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு மெசின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி தினேஷ் என்கிட்ட வந்தான். மாமா, ரெண்டு நிமிஷம், ஸ்பானரை எடுத்து கார்டை மட்டும் மாட்டிடுங்க, திரும்ப இலை மேல வெச்சிடலாம், சாமி கோச்சுக்க மாட்டாருன்னான். நான் விட்டேனா? போடா, எனக்கே சாஸ்திரம் சொல்றியா, பூஜையில வெச்சதைத் தொடக் கூடாது, நீ தள்ளி நின்னு ஓட்டு போதும்னு சொன்னேன். நாலு பேர் முன்னாடி சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சுட்டுப் போனான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சொல்வாங்கல்ல. அந்தப் பூசாரி நான்தான்.

அதுகூடப் பரவால்லன்னு வைங்க. கை மாட்டினப்புறம் நான் ஓடிப் போயி மெயினை அமத்திட்டேன். மெசின் நின்னுடுச்சு, ஆனா கை பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல. அவன் கத்துறான். எடுக்கணும்னா மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி மோட்டாரை முன்னால தள்ளணும், அப்பத்தான் பெல்ட்டு விடும். தளர்த்த என்ன வேணும்?

ஆங். எங்க இருந்துச்சு?

எடுத்தேன் மேடம். ஒரு செகண்ட் யோசிக்கல. செருப்புக் காலோட ஓடினேன், இலை கிழிஞ்சுது, வெளக்கு சாஞ்சுது, குங்குமத்தோட தூக்கிக்கிட்டு வந்தேன். சாமி ஒரு வார்த்தை சொல்லல. காலையில ரெண்டு நிமிஷத்துக்கு எடுக்காதவன், அப்ப எடுத்தேன். இன்னும் அந்த ஸ்பானரைத் தொடைக்கல, டப்பாவுல அப்படியே கெடக்குது. எது குங்குமம் எது அவன் ரத்தம்னு எனக்குத் தெரியல.

அந்த ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்குன்னீங்களே, கார்டைக் கழட்டியவர்னு. அதுல எழுதுங்க. கோவிந்தராஜன், ஃபிட்டர். திரும்ப மாட்டாததும் அவரேன்னு எழுதுங்க. ரெண்டு பெல்ட்டு வாங்கினது யாருன்னும் ஒரு கட்டம் இருந்தா நல்லாயிருக்கும், இல்லன்னா ஓரமா எழுதிக்குங்க. நான் போட்ட அந்த அஞ்சாவது கையெழுத்தை அடிச்சுடுங்க. எங்க கையெழுத்து போடணும், இங்கியா? பென்சில் டிக்கெல்லாம் வேணாம் மேடம், நானே எடம் பாத்துப் போடுறேன்.

டீ ஆறிப்போச்சு பாருங்க. சாஹேப் வராரு. இவ்வளவு நேரம் தமிழ்ல என்ன பேசினீங்கன்னு கேப்பாரு. பெல்ட்டு எப்படி மாத்துறதுன்னு மாமா சொல்லிக் கொடுத்தாருன்னு சொல்லுங்க. பொய் இல்லியே.