கப்பிங்காவுக்கு நாங்கள் வைத்த பெயர்

இந்தத் தமிழ்ச் சங்கம் ஒரு பெண்ணின் பெயரைப் பறித்திருக்கிறது.

வணக்கம் சொல்லும் முன்பே குற்றம் சொன்னதற்குப் பொறுத்தருளுங்கள். அவையை ஆளும் தலைவர் கிருபானந்தன் ஐயா அவர்களே, இருபது ஆண்டுகளாகச் சங்கத்தின் கடிதமெல்லாம் எழுதிவரும் செயலாளர் ஆனந்தராசா அண்ணை அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பனியில் இரண்டு பஸ் மாறி வந்து வடை சுட்டுத் தந்த தாய்மார்களே, கதிரை கிடைக்காமல் சுவரோடு நிற்கும் தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு 'மத்திய ஆபிரிக்காவில் ஐரோப்பியர் ஆட்சி'. தந்த நேரம் இருபது நிமிடம். முக்கால் நூற்றாண்டுக்கு அது தாராளம்தான்.

ஆபிரிக்காவைப் பங்குபோடப் பெர்லினில் ஒரு மாநாடு கூடியது. வரைபடம் இருந்தது, கோடு கீறப் பேனா இருந்தது. ஓர் ஆபிரிக்கர் இருந்தாரா? இல்லை. 1885இல் கொங்கோ பெல்ஜிய மன்னரின் கைக்குப் போனது. நாட்டின் கைக்கு அல்ல, மன்னரின் சொந்தக் கைக்கு. அவர் அந்த மண்ணில் ஒருநாளும் கால் வைக்கவில்லை. ஆனால் பெயர் வைத்தார். என்ன பெயர்? 'சுதந்திர நாடு'! அந்தச் சுதந்திர நாட்டில் கேட்ட அளவு றப்பர் சேர்த்துக் கொடுக்காத ஊர்களில் மனிதரின் கைகளை வெட்டினார்கள். 1908இல் பெயர் பெல்ஜியக் கொங்கோ. 1960இல் விடுதலை, கொங்கோ குடியரசு. 1971இல் சயீர். 1997இல் திரும்பவும் கொங்கோ. பெயர்ப்பலகை மாறியது. சுரங்கத்தில் குனிந்தவன் நிமிர்ந்தானா? செம்பு எடுத்துப் போன கப்பல் நின்றதா?

பின்னாலிருந்து ஓர் ஐயா கேட்கிறார்: "தங்கச்சி, இதுக்குள்ள எங்கட சங்கம் எங்கால வந்தது?" வருகிறேன் ஐயா, அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

இங்கே நகரத்தின் ஓரத்தில், புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியம். அங்கே பெட்டி ஒட்டும் வேலையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர் தெரேஸ் கப்பிங்கா. தாய்மார்களே, உங்களுக்கு அவரைத் தெரியும். ஐந்து வருடமாகச் சனிக்கிழமைகளில் இதே மண்டபத்தில் உங்களுக்குப் பிரெஞ்சு சொல்லித் தருபவர். நீங்கள் 'ரீச்சர் அக்கா' என்பீர்கள். அவர் பெல்ஜியக் கொங்கோவில் பிறந்தார். மிஷன் பாதிரியார் வைத்த பெயர் தெரேஸ். அவருக்குப் பதினான்கு வயதானபோது, சயீரை ஆண்ட சர்வாதிகாரி கிறிஸ்தவப் பெயர்களைத் தடை செய்து, எல்லோரும் ஊர்ப் பெயர் வைக்க வேண்டும் என்றார். ஒரு காலை ஆசிரியர் 'கப்பிங்கா' என்று கூப்பிட்டாராம். இவர் திரும்பி, அது யார் என்று வகுப்பில் தேடினாராம். கனடாவுக்கு வந்தபோது இரண்டையும் சேர்த்து எழுதினார். மூன்று பத்திரம், மூன்று பெயர், இரண்டு நாடு. ஆள் ஒருத்தி.

இப்போது கின்ஷாசாவில் இருக்கும் மகளைக் கனடாவுக்குக் கூப்பிட விண்ணப்பித்திருக்கிறார். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று, அவரை அறிந்த ஓர் அமைப்பின் கடிதம் வேண்டும் என்றார் குடிவரவு அதிகாரி. எங்கள் சங்கம் எழுதிக் கொடுத்தது. எப்படி எழுதியது? ஆனந்தராசா அண்ணையிடமே கேட்டேன்.

"அண்ணை, கடைசிப் பேரில ஆற்ற பேரைப் போட்டனீங்கள்?"

"தேப்பன்ர பேர்தான். இலுங்கா. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் அப்பிடித்தானே போடுறனான்."

"அவா எங்கட ஆள் இல்லையே அண்ணை!"

"ஐஞ்சு வருசமா எங்களோட நிக்கிறா, பிறகென்ன வேற ஆள்?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அன்பால் செய்த பிழை அது. ஆனால் அதிகாரி சிரிக்கவில்லை. இந்தக் கோப்பில் இலுங்கா என்று ஒரு பெண் இல்லை, இருப்பவர் இறந்துபோன தகப்பன் மட்டுமே என்று பதில் எழுதினார். திருத்தம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். போகாவிட்டால் கோப்பு மூடப்படும். மகளுக்கு அடுத்த மாதம் இருபத்திரண்டு வயது. அதன்பின் புதிதாக விண்ணப்பித்தாலும் பிள்ளை என்று ஏற்கமாட்டார்கள்.

போன ஞாயிறு தலைவரிடம் போனேன். ஐயா சொன்னார்: "பிள்ளை, சங்கத்தின்ர கடிதம் பிழை எண்டு நாங்களே எழுதிக் குடுத்தா, எங்கட சனத்துக்குக் குடுத்த கடிதம் முழுக்கக் கிளறுவாங்கள். விளங்குதோ?"

விளங்குகிறது ஐயா. அந்தப் பயம் பொய்யில்லை. யாருடைய கடவுச்சீட்டில் வந்து இறங்கினோம் என்று இந்த மண்டபத்தில் எழும்பிச் சொல்லச் சொன்னால் எத்தனை பேர் இருந்தபடி இருப்போம்? உங்கள் பிறப்புப் பத்திரத்தில் 'சிலோன்' என்று இருக்கிறது. எழுபத்திரண்டில் அதை 'ஸ்ரீலங்கா' ஆக்கியபோது உங்களைக் கேட்டா ஆக்கினார்கள்? கப்பிங்காவையும் மன்னர் பரம்பரை கேட்கவில்லை, மிஷன் கேட்கவில்லை, சர்வாதிகாரி கேட்கவில்லை. நாங்கள் கேட்டோம். அப்பாவின் பெயரை மட்டும் கேட்டோம்!

எங்கள் பயத்துக்கு இன்னொருத்தியின் மகளா விலை? அப்படியென்றால் பெர்லின் மேசையைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன வாய் இருக்கிறது?

மணி அடிக்கிறீர்கள் ஐயா, கேட்கிறது. இவ்வளவு நேரம் செவி தந்த சபைக்கு நன்றி. வடை சுட்ட கைகளுக்கு நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம். ஆனால் மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

திருத்தக் கடிதத்தை நானே அடித்துக் கொண்டு வந்திருக்கிறேன். 'பிழை எங்களுடையது, இந்தப் பெண்ணின் பெயர் தெரேஸ் கப்பிங்கா, மூன்று பத்திரத்திலும் இருப்பவர் இவரே.' ஒரே வரி. சங்கத்தின் முத்திரை ஆனந்தராசா அண்ணையின் பையில் இருக்கிறது. ஐயா, இங்கே, இந்தச் சபைக்கு முன்னால், கையெழுத்துப் போடுங்கள்.

ஐயா?

ஆனந்தராசா அண்ணை, நீங்களாவது?

சனிக்கிழமை வகுப்புக்கு வந்த தாய்மார்களே, ஒருவராவது எழும்பி, போடச் சொல்லுங்கள்.