நடு ரூம்

அந்த ரூமு வேணாம் கண்ணு. கடலு நல்லா தெரியும்னு சொல்றியே, கடலப் பாக்கவா நான் அம்மாந் தூரம் போறேன்? மாடியில தனியா ஒண்ணு காட்டுனியே, அதுவும் வேணாம். அது யாருக்கும் தொல்ல இல்லாத ரூமு. எனக்கு நடுவுல இருக்கறதுதான் வேணும். இந்தப் பக்கம் ரூமு, அந்தப் பக்கம் ரூமு, எதுர்ல சாப்புடற எடம். நீ மொதல்லயே சத்தமா இருக்கும்னு தள்ளி உட்டியே, தோ, அது. அத்தப் போடு.

ஏசியும் வேணாம். ஏசி போட்டா கதவு ஜன்னல் எல்லாம் சாத்தணும். ஃபேன் ரூமு போதும். மேல வெண்டிலேட்டரு தொறந்தே இருந்தா இன்னும் நல்லது. செவுரு இன்னா மாதிரின்னு ஏதாவது எழுதியிருக்காங்களா அதுல? போய் வந்தவங்க எழுதுவாங்களாமே. பக்கத்து ரூம்ல பேசறதெல்லாம் கேக்குதுன்னு ஒருத்தன் திட்டியிருக்கானா? படி படி, முழுசா படி. நல்லா இருக்கணும் அந்தப் புள்ள, சரியாத்தான் எழுதியிருக்கான்.

கொஞ்சம் அந்த ஜன்னல சாத்திடு மா. காத்து திரும்பிச்சின்னா, தங்கம் எடுத்துட்டுக் கொட்டி வெச்சிருக்கற அந்த சயனைட் மேட்டுத் தூசியெல்லாம் உன் கம்ப்யூட்டர் மேலதான். ஆங். உன் பேரு இன்னா? மமதாவா. நல்லாருக்குது.

தேதி டிசம்பர் கடைசிதான், அத்த மாத்தாத. ஜனவரியில போனா கூட்டம் கொறையும், நிம்மதியா இருக்கலாம்னு நீ நல்லதுக்குதான் சொல்ற. எனக்கு கூட்டம் வேணும் மமதா. பெங்களூரு ஜனங்க, மெட்ராஸ் ஜனங்க, வெள்ளக்காரங்க, எல்லாரும் வந்து நெரம்பி இருக்கணும். இன்னா, எல்லாம் ஃபுல்லா? இந்த ஒரு ரூமுதான் பாக்கியா? பாத்தியா, யாரும் எடுக்காம எனக்குன்னே வெச்சிருக்குது.

என் பொண்ணு இருக்கறா, சங்கமித்ரா. டெய்லி ட்ரெயின்ல பெங்களூருக்குப் போய் வர்றவ. அவளே போன்ல ரூமு போட்டுக் குடுத்திருப்பா. முடியாதுன்னுட்டா. புத்தரு படத்துக்கு முன்னாடி உக்காந்துகினு இந்த மாதிரி யோசன பண்றியேம்மா, வெக்கமா இல்லயான்னு கேக்கறா. புத்தரு என்னைய மன்னிச்சிடுவாருடி, அவரு அப்பிடிப்பட்ட ஆளு, நான் அப்பிடிப்பட்ட ஆளு இல்லன்னு சொல்லிட்டு நேரா உன் கடைக்கு வந்துட்டேன்.

போட்டோ இருக்குதா? தள்ளு. கட்டிலு. பாத்ரூம். இட்லி. இது கடலு, தள்ளு தள்ளு. நிறுத்து. வாசல்ல வெள்ளச் சட்ட போட்டுகினு நிக்கறானே, அவன பெருசாக்கு. இன்னும். போதும்.

இவந்தான் மனோகரு. ஓட்டலு இவன்துதான். ‘மனோ பீச் இன்’னு பேரப் பாத்தியே, அதே மனோ. நம்ப ஊருக்காரன் மா. தங்கச் சொரங்கத்துல மேஸ்திரி. எங்கூட்டுக்காரரு ஆறுமுகம் அண்டர்கிரவுண்டுல மிஷின் ஓட்டுனாரு, இவன் அவரு கேங்குக்கு மேஸ்திரி. மைன்ஸ மூடறதுக்கு ரொம்ப முன்னாடியே கணக்க முடிச்சிகினு போய்ட்டான். அங்க மகாபலிபுரத்துல மாமனாரு எடம் இருந்துச்சாம், ஓட்டல் கட்டிட்டான். பாரு, ஒடம்பு எப்பிடி வெச்சிருக்கான். எங்கூட்டுக்காரர விட பெரியவன் அவன்.

அவன் படத்துக்குக் கீழ இன்னாமோ எழுதியிருக்குதே, இங்கிலீசுல. தமிழ்ல சொல்லு. சுத்தமான கடல் காத்து, அமைதியான எடமா? நீயா சொல்றியா, அப்பிடியேதான் போட்டிருக்குதா?

காத்தப் பத்தி அவன் எழுதறான்!

உனக்குத் தெரியுமோ தெரியாதோ, சொல்றேன் கேளு. பாறையில ஓட்ட போடற மிஷினு, அத்த தண்ணி உட்டுகினேதான் ஓட்டணும். அப்போதான் தூசி அடங்கும். தண்ணி உட்டா எல்லாம் சேறாயிடும், வேல மெதுவா ஆவும். இந்தாளுக்கு சீக்கிரம் முடிக்கணும், மேல பேரு வாங்கணும். தண்ணிய மூடிடுவான். ஓட்டுடா ஆறுமுகம்னுவான். இவரு ஓட்டுவாரு. ஆபீசருங்க லிஃப்டு கேஜ்ல எறங்கி வர்றாங்கன்னு தெரிஞ்சா மட்டும் தண்ணி வரும். இவன் எங்க நிப்பான் தெரியுமா? காத்து வர்ற பக்கம், மூக்குல துணியக் கட்டிகினு. தூசி பூரா இவரு நெஞ்சுக்குள்ள போச்சி.

இருமல்னா உனக்கு வர்ற எனக்கு வர்ற இருமல் இல்ல அது. மொதல்ல தொண்டைய செருமற மாதிரி சின்னதா வரும். அப்புறம் நிக்காது. தகரத்தப் புடிச்சி ரோட்டுல இழுத்துகினு போற மாதிரி சத்தம். நாங்க சாம்பியன் ரீப்ஸ்ல லைன் ஊட்ல இருக்கறோம், பக்கத்து ஊட்டுக்கும் எங்களுக்கும் ஒரே செவுரு. அந்தப் பக்கம் வெங்கடம்மா. அந்தம்மா ஒரு நாளும் மொகம் சுளிச்சதில்ல. சத்தம் கொஞ்ச நேரம் நின்னு போச்சின்னா செவுத்த தட்டி, இன்னா சரோஜா, எல்லாம் சரியான்னு கேக்கும். அது மனுசி.

இந்த மனோகரு இன்னா பண்ணான் கேளு. போன வருசம் மே மாசம் செங்கல்பட்டுல எங்க சொந்தத்துல கல்யாணம். வேன்ல போனோம். முடிச்சிட்டு வரும்போது எல்லாரும் மகாபலிபுரம் பாத்துட்டுப் போலாம்னாங்க. எங்கூட்டுக்காரரு ஊர்லயே விசாரிச்சி வெச்சிகினு வந்திருக்கறாரு, எங்க மேஸ்திரி அங்கதான் இருக்காருன்னு. போவும்போதே வி.கோட்டாவுல வேன நிறுத்தி ஒரு கூட மாம்பழம் வாங்கி, யாரையும் தொட உடாம மடியிலயே வெச்சிகினு வந்தாரு. மேஸ்திரிக்கு நம்ப பக்கத்து மாம்பழம்னா உசுருன்னு.

வாசப்படி ஏறல மா. அதுக்குள்ள இவருக்கு இருமலு வந்துச்சி. உள்ள சாப்புட்டுகினு இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. இந்தாளு ஓடி வந்தான். கையப் புடிப்பான்னு பாத்தேன். தோளு மேல கைய வெச்சி, பாசமா இல்ல, மாட்டத் திருப்பற மாதிரி திருப்பி, சைடு சந்து வழியா பின்னாடி கூட்டிகினு போனான். ஜெனரேட்டரு பக்கத்துல ஒரு பெஞ்சி. அங்க உக்கார வெச்சான். கெஸ்ட்டுங்க டி.பி.ன்னு பயந்துக்குவாங்க ஆறுமுகம், தப்பா நெனச்சிக்காதன்னான். மாம்பழக் கூடைய மட்டும் வாங்கி உள்ள அனுப்பிட்டான். எங்களுக்கு காபி வந்துச்சி, பேப்பர் கப்புல. உள்ள எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரு. அது இருமலுக்காகவா வேற ஒண்ணுக்காகவான்னு எனக்கும் தெரியும், நம்ப ஊருல பொறந்த உனக்கும் தெரியும்.

அவன் மருமவன் வந்து, யாரு மாமா இவங்கன்னு கேட்டான். இவன் சொல்றான், எங்கிட்ட வேல செஞ்ச பையன், பீடி குடிச்சி குடிச்சி ஒடம்பக் கெடுத்துகினான்னு.

பீடி! அவரு வாழ்க்கையில பீடியத் தொட்டது கெடையாது மமதா. வெத்தல பாக்கு கூட கெடையாது. நான் வாயத் தொறந்தேன். எங்கூட்டுக்காரரு என் கையப் புடிச்சி அழுத்திட்டாரு. ஆமா மேஸ்திரி, ஆமான்னு தலைய வேற ஆட்டுனாரு. இவரு தண்ணி இல்லாம ஓட்டுனதுக்கும் அப்பிடித்தான் தலைய ஆட்டியிருப்பாரு.

எழுந்து வந்துட்டோம். சந்து முனையில நான் திரும்பிப் பாக்கறேன், வேலக்காரன் பக்கெட்டோட வந்து அந்த பெஞ்சி மேல பினாயில் ஊத்தறான். நாங்க இன்னும் வாசல் கேட்டக் கூட தாண்டல. இவரும் பாத்தாரு. பாத்துட்டு இன்னா சொன்னாரு தெரியுமா? எடத்த எவ்ளோ சுத்தமா வெச்சிகினு இருக்காரு பாரு நம்ப மேஸ்திரின்னாரு.

 அன்னைக்கு வேன்ல கூட வந்த பொம்பளைங்க எல்லாம் பாட்டுப் பாடிகினு வந்தாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சிகினு வந்தேன். எந்த இருமல அவன் சந்து வழியா பின்னாடி தள்ளுனானோ, அதே இருமலு முன்வாசல் வழியா அவன் ஓட்டலுக்குள்ள போவணும். நடு ரூம்ல கட்டில்ல படுக்கணும். சாப்புடறவங்க காதுல உழணும், தூங்கறவங்க காதுல உழணும், அவன் காதுல உழணும். யாருங்க அது, யாரு இருமறதுன்னு கெஸ்ட்டுங்க கேப்பாங்க இல்ல? ஒவ்வொருத்தருக்கும் அவன் வாயால பதில் சொல்லணும். காசு குடுத்து தங்கறவங்கள பெஞ்சியில உக்கார வெக்க முடியாது. வெளிய போன்னு சொல்ல முடியாது. சொன்னா அத்தயும் எல்லாரும் பாக்கட்டும்.

இன்னா, கைய எடுத்துட்ட? ஏன் டைப் பண்ண மாட்டேங்கற?

பாவம்னு பாக்கறியா? யாரப் பாத்து? அவனயா? மத்த கெஸ்ட்டுங்க இன்னா தப்பு பண்ணாங்கன்னு கேக்கறியா. ஒரு தப்பும் பண்ணல. நாங்க முப்பது வருசமா கேட்டோம், அவங்க ரெண்டு ராத்திரி கேக்கட்டும். ஊருக்குப் போய் சொல்லட்டும். இங்க கம்ப்யூட்டர்ல எழுதட்டும். அமைதியான எடம்னு இருக்குதே, அதுக்குக் கீழயே எழுதட்டும்.

உங்க தாத்தா எங்க வேல செஞ்சாரு? மாரிக்குப்பமா? மைன்ஸ்லதானே? இருமுவாரா? ம். அப்போ உனக்கு நான் இன்னாத்துக்கு இவ்ளோ நேரம் சொல்லிகினு இருக்கேன்.

ஆங், போடு. ரெண்டு பேருன்னே போடு. மொதல்ல அவரு பேரு. ஆறுமுகம். அப்புறம் என் பேரு, சரோஜா. அந்த ரிஜிஸ்டர்ல அவரு பேருதான் மேல இருக்கணும். ஆதாரு ரெண்டும் கொண்டாந்திருக்கேன், தோ. காசு இப்பவே கட்டிடறேன். கட்டிட்டா அவன் கேன்சல் பண்ண முடியாதில்ல? போதும்.

வண்டியா? வேணாம் மா, நான் பஸ்லயே போய்க்குவேன். வி.கோட்டா வழியா வேலூரு, அங்க இருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு. மாறி மாறி போவணும்தான். ஒடம்பு முடியாதவர வெச்சிகினு எப்பிடி பஸ்ல போவீங்கன்னு கேக்கறியா? சக்கர நாற்காலி வேணுமான்னு ஓட்டலுக்குக் கேட்டு எழுதறியா?

எழுதாத. அதெல்லாம் வேணாம். அவரு ஆகஸ்ட் மாசமே போய்ட்டாரு கண்ணு.

அழாத. இங்க பாரு, கஸ்டமருங்க வராங்க. அழாதன்றேன்.

இருமலு இருக்குது. இந்த போன்ல இருக்குது. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா சொன்னாங்க, இங்க வந்தா இவரு அடக்கிகினு உக்காந்திருக்காரு, ஊட்ல எப்பிடி இருமறாருன்னு போன்ல ரெக்கார்டு புடிச்சிகினு வாங்கன்னு. சங்கமித்ரா அவரு தலையாண்ட போன வெச்சி உட்டுட்டா. பொழுது விடியற வரைக்கும் புடிச்சிருக்குது. டாக்டரம்மா கொஞ்சம் கேட்டுட்டு போதும்னுட்டாங்க. நான் போதும்னு சொல்லல. அவரு போனதுக்கப்புறம் ஊட்ல சத்தமே இல்ல மமதா, எனக்கு தூக்கமே வரல, இத்தப் போட்டுகினுதான் படுக்கறேன். வெங்கடம்மா மொத நாளு கேட்டுட்டு ஓடியே வந்துட்டா.

சின்னதா ஒரு ஸ்பீக்கரு வாங்கியிருக்கேன், கைக்குள்ள அடங்கும். ஆனா சத்தம் அவர மாதிரியே வருது. அவன் வந்து கதவத் தட்டுவான். தட்டுவான் இல்ல? தொறப்பேன். காலிக் கட்டில நல்லா பாக்கட்டும்.

நீ ஓட்டலுக்கு எழுதறதுன்னா இத்த மட்டும் கேட்டு எழுது. கட்டிலாண்டயே ப்ளக் பாயிண்ட் இருக்குதான்னு. ராவெல்லாம் சார்ஜ்ல போட்டு வெக்கணும். இந்த வாட்டி அவரு பாதியில நிக்கக் கூடாது.