சுண்ணாம்புப் பொட்டு

ஆலங்குடியில் டிரைவர் இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம், “நத்தைக்குப் பொட்டு வெச்சேங்க்கா” என்றாள். நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

“நத்தைக்கா?”

“பின்னே? மாசமா இருக்கிற மக வெள்ளரிப்பிஞ்சு கேக்குறாளேன்னு கொல்லையில பாத்தி கட்டுனேன். தக்காளியும் ரெண்டு செடி வெச்சேன். விடிஞ்சு பாத்தா எலையெல்லாம் சல்லடை. சுத்திச் சாம்பலைத் தூவியும் நத்தை கொறையலை.”

“மழைக்காலமில்ல?”

“மழையாவது ஒண்ணாவது! வேலிக்கு அங்கிட்டு இருக்கிற என் கொழுந்தன் பொண்டாட்டி, அவ பாத்தியில பொறுக்கி இங்கிட்டு வீசுறா. கேட்டா, ‘அது தானா ஊர்ந்து வருது, நானா வெத்தலை பாக்கு வெச்சு அனுப்புறேன்’ங்கிறா. அதான் நேத்து எல்லா நத்தை முதுகுலயும் சுண்ணாம்பால பொட்டு வெச்சு, அவ பக்கம் விட்டேன். திரும்பி வந்தா அடையாளம் தெரியும்ல?”

“வந்துச்சா?”

“வராம? இன்னைக்கு விடியக்காலையில அம்புட்டும் என் பாத்தியில கெடக்கு. சுண்ணாம்புக்குப் பக்கத்துல, ஒண்ணுவிடாம, குங்குமம்!”

மற்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரிக்காதீங்கக்கா, எனக்குப் பத்திக்கிட்டு வருது. வேலியில நின்னு கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீடு தேடி வந்தவங்களைக் குங்குமம் வெக்காம அனுப்பக் கூடாதாம்!”