நடுவுல ஒரு கோடு

வேண்டாம் மேடம், அந்த வால்நட்சத்திரப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க. எங்களைச் சேர்த்து வைக்க முடியுமான்னு பார்க்கத்தான் கோர்ட்டு உங்ககிட்ட அனுப்பியிருக்கு, சரி. வேற எது வேணா கேளுங்க.

என்ன சொன்னாரு உங்ககிட்ட? வானத்துலயே எங்க பேரு சேர்ந்துதான் இருக்குன்னா? இருக்கு, இல்லங்கல. அவர் பேரு, நடுவுல ஒரு கோடு, அப்புறம் என் பேரு. கண்டுபிடிச்சவங்க பேரைத்தான் வைப்பாங்க. அதைக் காட்டித்தானே இன்னும் ஆறு மாசம் டைம் கேக்குறாரு? கேப்பாரு. மேடைக்கு மேடை இதே கதைதான். நான்தான் முதல்ல பார்த்தேன், இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன், இவ கண்ணு கலங்கிருச்சுன்னு. எல்லாரும் கை தட்டுவாங்க. முன் வரிசையில நான் பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். பதினோரு மேடை மேடம். சீ!

இல்ல இல்ல, டெலஸ்கோப்புல கண்ணை வச்செல்லாம் இப்ப யாரும் பார்க்கிறதில்ல. அது மலை மேல தானா படம் எடுத்துத் தள்ளும். நாங்க கீழ டவுன்ல, காலையில ஒன்பது மணிக்கு, ஜன்னல் இல்லாத ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல பார்ப்போம். ஒரே இடத்தை நாலு தடவை எடுத்திருக்கும். நேத்து இல்லாத புள்ளி இன்னிக்கு இருந்தா, எங்கயோ ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கலாம். புள்ளி நகர்ந்து, சுத்தி லேசா புகை மாதிரி இருந்தா வால்நட்சத்திரமா இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது வெறும் தூசி, சாட்டிலைட்டு, ஏதோ பூச்சி. குப்பை, குப்பை, குப்பைன்னு அமுக்கிக்கிட்டே இருக்கணும். பக்கத்து சீட்டுல அவர் நகம் வெட்டுவாரு. அது பறந்து வந்து என் கீபோர்டுல விழும். அதையும் நான்தான் தட்டிவிடணும்.

ஒருத்தர் கண்ணை நம்ப மாட்டாங்க. நல்ல விதிதான். ஒருத்தர் ஆமான்னு அமுக்கணும், இன்னொருத்தர் தனியா பார்த்து அவரும் ஆமான்னு அமுக்கினாத்தான் சேதி வெளிய போகும்.

என்னது? நகம் வெட்டுறதுக்கெல்லாம் யாராவது விவாகரத்து கேப்பாங்களான்னு கேட்டாரா? நல்லா கேட்டாரு போங்க. வாய் இருக்கு, பிழைச்சுக்கிறாரு. அந்த வாயாலதான் இன்னிக்கு எங்க ஆபீசுக்கே தலைவரா உக்காந்திருக்காரு.

ஏன் பேனாவை மூடிட்டீங்க? எழுதுங்க. இதை எழுதினா அவர் பேரோட என் பேரும் போகலாம், வேலை கண்டிப்பா போகும். தெரிஞ்சுதான் சொல்றேன். அந்த வால்நட்சத்திரம் கிடைச்ச அன்னிக்கு அவர் ஆபீசுக்கே வரல மேடம். நான் கிளம்பி வந்தப்புறம் ஜுரம்னு போன் பண்ணாரு. தன் பாஸ்வேர்டைச் சொல்லி, எனக்கும் சேர்த்து நீயே அமுக்கிருன்னாரு. நாலு படத்தையும் மாத்தி மாத்திப் பார்க்கிறேன், அது நகருது. ஒரு சின்ன வால். சொல்லப் பக்கத்துல ஆளில்ல. என் பேர்ல ஒரு தடவை அமுக்கினேன், அவர் பேர்ல ஒரு தடவை. ஜுரத்துல கிடக்கிற மனுஷன்கிட்ட நேர்ல சொல்லணும்னு மத்தியானமே லீவு போட்டுட்டு ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்துச்சு. போன் எடுக்கல.

மறுநாள் காலையிலதான் வீட்டுக்கு வந்தாரு, வேற யாரோ வீட்டு சோப்பு வாசனையோட. எங்க போனீங்கன்னு கேக்க வாயைத் திறக்கிறேன், அதுக்குள்ள அவர் கேட்டாரு, ஏதோ வால்நட்சத்திரமாமே, என் பேரும் வருதான்னு.

ஆமாங்க, வருதுன்னேன். சொல்லிட்டு உள்ள போய், அவர் குளிக்க வெந்நீர் வச்சேன் மேடம். அவரை விடுங்க, அதை நினைச்சாத்தான் எனக்கு அருவருப்பா இருக்கு.