பச்சைக் கோடு

விளக்கை எரியவிட்டே சொல்கிறேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை என்று யாரும் என்னைத் திட்டக் கூடாது. இது என் தோழி மஹதியின் அத்தை பெண் நீரஜாவுக்கு நடந்தது.

தொண்ணூற்றொன்பது, மார்கழி. விடியற்காலை ஐந்து மணி. கோபாலபுரத்தில் அந்தத் தெருவில் ஈ காக்கை இல்லை. பழைய பங்களாக்கள், பூட்டிய கேட்டுகள்... நீரஜாவின் செருப்புச் சத்தம் மட்டும். தெருக்கோடியில் ஜவஹரின் பிரௌசிங் சென்டர். நியூஜெர்சியில் அப்போது சாயங்காலம். அவள் கணவன் சாய்சரண் வேலை முடிந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நேரம்.

அவனிடம் அவள் ஒரு பொய் சொல்ல வேண்டும். மாமனார் வேதாந்தம் காலமாகி எட்டு நாள். சாய்சரணின் விசா பாதியில் நிற்கிறது. கிளம்பி வந்தால் திரும்பிப் போக முடியாது, வேலையும் போய்விடும். அதனால் ஒரே பிள்ளைக்குத் தெரியாமலே கொள்ளி வைத்தாகிவிட்டது. வைத்தவன் சாய்சரணின் சித்தப்பா பையன் பிரணவ். முடிவு செய்தவள் நீரஜா. அவளைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். பயந்துவிட்டாள், பாவம்.

"சீக்கிரம் பேசிக்கோங்கக்கா. நெட்டுல போன் பேசறது வெளிய தெரிஞ்சா, கடைய இழுத்து மூடிக்கினு போவ வேண்டிதான்," என்றான் ஜவஹர். அப்போது அதற்குச் சட்டப்படி தடை இருந்தது. ஷட்டரைக் கீழே இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனான்.

மோடம் கிறீச்சிட்டது... கரகரத்தது... அடங்கியது. அந்த நெட் போனில் ஒரே சமயத்தில் ஒருவர்தான் பேசலாம். நம் மைக்கில் சத்தம் விழுந்தால் திரையில் பச்சைக் கோடு எழும்பும். அது அடங்கும்வரை எதிராளியின் குரல் கேட்காது.

"அப்பா எப்படி இருக்கார்?" என்றான் சாய்சரண்.

"தூங்கிண்டிருக்கார்," என்றாள். வாயை மூடிக்கொண்டாள்.

பச்சைக் கோடு எழும்பியது.

மூச்சைப் பிடித்தாள். மின்விசிறி ஓடவில்லை. வெளியே நாய்கூடக் குரைக்கவில்லை. கோடு எழும்பியது... விழுந்தது... எழும்பியது. யாரோ நிறுத்தி நிதானமாகப் பேசுவதுபோல. ஹெட்போனில் சத்தமே இல்லை. மூக்குப்பொடி நெடி மட்டும் குப்பென்று வந்தது. வேதாந்தத்தின் பொடி டப்பாவை அவள்தான் போன வாரம் குப்பையில் போட்டாள்.

மைக் வயரைப் பிடுங்கினாள். கோடு நிற்கவில்லை.

ரெண்டு நிமிஷம் இருக்கும். கோடு படுத்தது. சாய்சரணின் குரல் வந்தது, சந்தோஷமாக.

"தூங்கறார்னியே, பக்கத்துலயா உக்காத்தி வெச்சிருக்கே? இந்தப் பனியில ஏன் அழைச்சுண்டு வந்தே? குரல் நன்னா இருக்கு. ஆனா ஒண்ணு சொன்னார், எனக்குப் புரியலை. 'பிரணவ் வெச்சது எனக்கு ஒட்டலைடா, நீ எப்போ வந்து வெப்பே?'ங்கறார். நான் என்ன வெக்கணும், நீரஜா?"

அவள் வாயைத் திறந்தாள். பிடுங்கிய வயர் இன்னும் கையிலேயே இருந்தது.

அவளுக்கு முன்னால்... பச்சைக் கோடு பதில் சொல்ல ஆரம்பித்தது.