உலுக்கலின்றித் திரும்பும் மேடை

டான்யூப் கரை நாடக அரங்கின் நல்லிதயமே! சுழல்மேடையின் சூத்திரதாரியே! இரும்பின் இரைச்சலுக்குள்ளும் இசைப்பிசகு கண்டறியும் எங்கள் தலைமைப் பொறியாளர் ஸ்னெஜானா கராலீவா அவர்களே!

பணிநிறைவு பெறும் உங்களைப் பாராட்டச் சொல் தேடினோம். சொல்லுக்கு முன் சிரிப்பு வந்தது. கியர்பெட்டிமேல் காப்பிக் கோப்பை வைத்து உங்களிடம் திட்டு வாங்காதவர் இவ்வவையில் எவரேனும் உண்டோ! கடுஞ்சொல்லுக்குள் கனிவையும், கறைபடிந்த கையுறைக்குள் கலைநெஞ்சையும் காத்தவர் நீங்கள்.

கோபுர நாடகத்தை மறப்போமா! மூன்றாள் உயரக் கோபுரத்தின் உச்சியில் நடிகை தெமெனுகா நிற்க, மேடை ஒருபுறம் சுழன்று, நின்று, மறுபுறம் திரும்பவேண்டும். ஒத்திகையில் அது திசை மாறும்போதெல்லாம் ‘டக்’கென்று ஓர் உலுக்கல்! மோட்டார்மேல் பழிபோட்டுப் புது மோட்டார் பூட்டினோம், உலுக்கல் போகவில்லை. மறுநாள் அரங்கேற்றம், நுழைவுச்சீட்டுகள் விற்றுத் தீர்ந்திருந்தன.

“சின்னக் குலுக்கல்தானே! கம்பியப் பிடிச்சுக்கச் சொல்லுங்க,” என்றார் அரங்க இயக்குநர் ஸ்பாஸ் வ்ளாஹோவ்.

“அப்ப நீங்களே ஏறி நில்லுங்க, டைரக்டர் சார். நான் பொத்தான அழுத்துறேன்,” என்றீர்கள்.

ஏறினார்! மேடை திசை மாறியதும் கம்பியைக் கட்டிக்கொண்டு உச்சியிலேயே உட்கார்ந்துவிட்டார். இறங்கிவந்து, அரங்கேற்றத்தை அவரே ஒத்திவைத்தார்.

மோட்டார் அச்சை அசையாமல் பூட்டி, மேடையைக் கையால் தள்ளச் சொன்னீர்கள். அப்போதும் இரண்டு விரற்கடை ஆடியது! தளர்ச்சி மோட்டாரில் அல்ல, பல்சக்கரங்களின் பற்களுக்கிடையே என்று தெளிந்து, மேடைக்கடியில் விளக்கடித்தீர்கள். மேடையின் பெரிய பல்வளையத்தை உருட்டும் சிறு பல்சக்கரத்தின் பற்கள், மேல்விளிம்பில் மட்டும் கத்திபோல் தேய்ந்திருந்தன. சக்கரத்தை மாற்றினால் போதுமென்றோம்.

“ஒரு ஓரம் மட்டும் ஏன் தேயுது? அதக் கேளுங்கப்பா முதல்ல!”

கேட்டபின் தெரிந்தது: சக்கரத்தைத் தாங்கும் அடித்தட்டில் விரிசல், அதனால் சக்கரத்தின் அச்சு சாய்ந்திருந்தது. தட்டை மாற்றி, அச்சை நிமிர்த்திய பிறகே புதுச்சக்கரம் பூட்டினீர்கள். இடைவெளியே வேண்டாமென்று மெக்கானிக் ராட்கோ நெருக்கிப் பொருத்தப்போக, “பல்லுக்கும் மூச்சுவிட இடம் வேணும்யா! ஒட்ட வச்சா கிரீஸ் எங்க நிக்கும்? சூடேறி ஒண்ண ஒண்ணு அரைச்சுத் தின்னுடும்,” என்று தடுத்து, மயிரிழை இடம்விட்டீர்கள்.

வெள்ளோட்டத்துக்கு வ்ளாஹோவ் தாமாகவே மறுபடி ஏறினார், கண்களை இறுக மூடிக்கொண்டு. சற்றுப் பொறுத்து மேலிருந்து குரல் வந்தது: “எப்பத்தான் திருப்புவீங்க?”

“ரெண்டு தடவ திருப்பியாச்சு. இறங்குங்க சார்!”

அன்றெழுந்த கைதட்டலைப்போல் எந்த நாடகத்துக்கும் இவ்வரங்கம் கேட்டதில்லை!

எங்கள் பெருமையே! திராட்சைத் தோட்டமும் தேனீக்களும் சூழ, மூட்டுவலி முட்டாமல், முகமலர்ச்சி குன்றாமல், நூறாண்டு நலமாக வாழ்க! இத்தனை காலமும் ஒவ்வொரு நாடகத்தையும் மேடைக்கடியிலிருந்து காதால் மட்டுமே கேட்டீர்கள். இன்று மாலை முன்வரிசையில் உங்களுக்கோர் இருக்கை வைத்திருக்கிறோம். கீழே என்ன சத்தம் என்று கவலைப்படாதீர்கள். அங்கே நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நாடகம் பாருங்கள்.

அன்பு மாறாத,
மேடைப் பொறிப் பிரிவினரும் அரங்கத்தார் அனைவரும்
(கோபுரம் ஏறிய ஸ்பாஸ் வ்ளாஹோவ் உட்பட)