பிரசவ அறையின் காலி ஹோல்டர்

ஊருக்குக் கரண்டு வராத காலம். அரசலாற்றுக்குத் தெற்கே புதுமணல்மேடு என்று ஓர் ஊர். அந்த ஊரில் தெய்வநாயகம், தெய்வநாயகம் என்று ஒருவர் இருந்தாராம். சொல்தா தெய்வநாயகம். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். காரைக்கால் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கேட்பதானால் கேளுங்கள். நடுவில் கேள்வி வேண்டாம். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

வெள்ளைக்காரன் காரைக்காலை விட்டுப் போவதற்கு முன்பே பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். வெள்ளைக்காரன் கப்பல் ஏறினான். இவரும் அவன் பின்னால் ஏறினார். நம் ஊரை விட்டுத் தொலைந்தான் என்று இங்கே சனங்கள் வெடி போட்டுக் கொண்டிருந்தபோது, இவர் அவனுக்குத் துப்பாக்கி துடைத்துக் கொண்டிருந்தாராம்.

கொண்டுபோய் இறக்கிய இடம் ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. பெயர் வேண்டாம். அவரும் கடைசி வரை சொன்னதில்லை. சொன்னால் அந்த நாட்டுக்காரர் யாராவது தேடி வந்துவிடுவார்கள் என்று பயம். வந்திருந்தால் நல்லதுதான்.

அந்தப் பக்கத்து நாடுகளை எல்லாம் நிற்க வைத்து வெள்ளைக்காரன் கேட்டானாம்.

"உங்களை நீங்களே ஆண்டுக்குங்க. ஆனா காசு நான் அடிக்கிற காசு. பட்டாளம் என் பட்டாளம். மண்ணுக்குள்ள என்ன கிடைச்சாலும் முதல்ல எனக்கு. சம்மதமா?"

மற்ற நாடெல்லாம் தலையாட்டின. இந்த ஒரு நாடு மட்டும் ஆட்டவில்லை. சனங்கள் வெயிலில் வரிசையாக நின்று ஓட்டுச் சீட்டுப் போட்டுச் சொன்னார்களாம், வேண்டாம் என்று.

"வேண்டாமா? சரி, போறோம். போகும்போது எங்க சாமானை எடுத்துட்டுப் போறோம்."

அதோடு ஆரம்பித்தது. பட்டாளத்துக்கு உத்தரவு வந்தது. என்ன உத்தரவு? கழட்டு, சுருட்டு, பெட்டியில போடு. அவ்வளவுதான் உத்தரவு.

தபாலாபீசுக்குப் போனார்கள். டெலிபோனைக் கழட்டு, கம்பியைச் சுருட்டு, பெட்டியில போடு. சர்க்கார் கச்சேரிக்குப் போனார்கள். விசிறியைக் கழட்டு, தேசப் படத்தைச் சுருட்டு, பெட்டியில போடு. பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். கதவுக் கொண்டியைக் கூட விடவில்லையாம். பிடுங்க முடியாததை உடைத்தார்கள். எடுக்க முடியாததை எரித்தார்கள். தெய்வநாயகமும் கழற்றினார், சுருட்டினார், பெட்டியில் போட்டார். கை சுறுசுறுப்பு. அவருக்கு ஓர் ஆசை இருந்தது. கப்ரால் ஆக வேண்டும். கப்ரால் என்றால் சட்டைக் கையில் ஒரு பட்டை, கீழே நாலு ஆள். அந்தப் பட்டையோடு ஊருக்குப் போய் இறங்க வேண்டும். மண்டைக்குள் அது ஒன்றுதான் ஓடிக் கொண்டிருந்ததாம்.

கடைசியாக ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியில் பிந்தா என்று ஒரு மருத்துவச்சி. ஆறடி உயரம், உரத்த குரல். முந்தின மழைக்காலத்தில் தெய்வநாயகம் குளிர் காய்ச்சலில் கிடந்தபோது வாயில் கஞ்சி ஊற்றியவள் அவள்தான். அவளுக்கு இவர் பாஷை தெரியாது, இவருக்கு அவள் பாஷை தெரியாது. இரண்டு பேரும் பேசிக் கொண்டது வெள்ளைக்காரன் பாஷையில். இவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாளாம். இவர் அவளை மதாம் என்பார். கஞ்சி வாங்கிக் குடித்தும் அக்கா என்று வரவில்லை வாயில்.

மருந்து அலமாரி போயிற்று. கத்தி, கத்தரி, கொதிக்க வைக்கிற பாத்திரம் எல்லாம் போயிற்று. உச்சி வேளைக்குள் வேலை முடிந்தது. சார்ஜெண்டு லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். "முடிஞ்சுது, வாங்கடா" என்று கையைத் தட்டினான். எல்லோரும் போய் ஏறினார்கள்.

தெய்வநாயகம் ஏறவில்லை. ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாராம்.

பின்கட்டில் பிரசவ அறை. புழுதி வரக் கூடாது என்று ஜன்னலை அடைத்துக் கட்டிய அறை. பகலிலும் விளக்கு வேண்டும். உத்தரத்தில் ஒரு பல்பு எரிந்து கொண்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கீழே பிந்தா தரையைக் கழுவிக் கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?"

இவர் மேலே பார்த்தார். அவளும் மேலே பார்த்தாள்.

"அதுவுமா?"

"ஆமா மதாம்."

"பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு பேரு வருவாங்க. ஒருத்திக்குத் தலைச்சன்."

இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டார்.

"உன்னை அனுப்பினாங்களா?"

"உத்தரவு மதாம்."

அவள் அழவில்லை, திட்டவில்லை. மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டாள். அதில் ஒரு கால் ஆட்டம். குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டாள்.

"ஏறு. விழுந்துடாத. நான் பிடிச்சிருக்கேன்."

ஏறினார். தொட்டார். சுட்டது.

"சூடு தம்பி. காலையிலேர்ந்து எரியுது." தலையில் கட்டியிருந்த நீலத் துணியை அவிழ்த்து மேலே நீட்டினாள். "இதுல பிடிச்சுக் கழட்டு."

கழற்றினார். இருட்டாயிற்று. இறங்கினார். முக்காலியை அவள் இன்னும் பிடித்துக் கொண்டே இருந்தாளாம். பல்பும் துணியுமாக வெளியே வந்துவிட்டார். துணியைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

லாரியில் சார்ஜெண்டு பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"உள்ள போய் ஒரு பல்பா? என்னைவிடக் கெட்டிக்காரனா இருக்கியே. நீயே வச்சுக்கடா, ஞாபகமா இருக்கும்."

பெட்டிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டு போனார்கள். கப்பலில் இடம் இல்லை. பாதிப் பெட்டியைக் கடலில் தள்ளிவிட்டார்களாம். அடுத்த மாசம் தெய்வநாயகத்துக்குப் பட்டை வந்தது. கப்ரால் தெய்வநாயகம்.

பிறகு பக்கத்து நாட்டுக்கு மாற்றினார்கள். அது தலையாட்டின நாடு. கொடி தனி, பாட்டு தனி, பிரசிடெண்டு தனி. பட்டாளம் மட்டும் பழைய பட்டாளம். பிரசிடெண்டு மாளிகை வாசலில் இவர் காவல். உள்ளே பிரசிடெண்டுக்கு யோசனை சொல்ல ஒரு வெள்ளைக்காரத் துரை. ஒரு நாள் காலை ஒரு காகிதத்தைப் பிரசிடெண்டு முன்னால் வைத்தானாம் துரை. சுரங்கத்தை எழுதிக் கொடுக்கிற காகிதம். பிரசிடெண்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எங்க மண்ணு. எங்க ஆளுங்ககிட்டக் கலந்து பேசணும்."

துரை கோபப்படவில்லை. காப்பியைக் கலக்கிக் கொண்டே சொன்னானாம்.

"தாராளமா பேசுங்க. பக்கத்து நாட்டுல கூடப் பேசினாங்க. இப்ப அங்க பிள்ளை பெத்துக்கிற அறையில பல்பு கூட இல்லையாமே."

பிரசிடெண்டு சிரித்தார். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கதவுக்கு வெளியே விறைப்பாக நின்ற தெய்வநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்ததாம். அந்தப் பல்பு எதற்கு? வெள்ளைக்காரனுக்குப் பல்புக்குப் பஞ்சமா? இந்தக் கையெழுத்துக்குத்தான். இதற்குப் பிறகு போடப் போகிற அத்தனை கையெழுத்துக்கும்தான். பட்டைக்காக முக்காலியில் ஏறினோம், இவன் மிரட்டலில் போய் இறங்கினோம் என்று அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வியர்த்து என்ன? காவலை விட்டுப் போனாரா? இல்லை. இன்னும் ஐந்து வருஷம் அதே வாசலில் நின்றார். பென்ஷன் வருகிற வரைக்கும் நின்றார். இதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

ஊருக்கு வந்தார். தொப்பி, பட்டை, மெடல். தெருவில் வந்தால் சனங்கள் எழுந்து நிற்பார்களாம். கண்ணாடி அலமாரியில் நீலத் துணியை விரித்து அதன்மேல் அந்தப் பல்பு.

"இது என்ன சொல்தா?"

"பெரிய துரை என் கையைப் பிடிச்சு, தெய்வநாயகம், உனக்கு என்ன வேணும்னு கேட்டார். எங்க ஊர் இருட்டா இருக்கு துரைன்னேன். இதை எடுத்துக் கொடுத்தார்."

பொய். ஆனால் ஊர் நம்பியது. அவர் மனைவி பவுனம்மாள் மட்டும் ஒரு தடவை கேட்டாளாம். "துரை கொடுத்தாருங்கிறீங்க. துணி பொம்பளை தலையில கட்டுற துணியா இருக்கே?" அதற்கு அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விட்டார். அப்புறம் அவள் கேட்கவில்லை.

நாலு வருஷம் போயிற்று. ஊருக்குக் கரண்டுக் கம்பம் வந்தது. அப்போது ஊர்த் தலைவரை மேர் என்பார்கள். மேர் சபாபதி நல்ல மனுஷர். முதல் லைட்டு கோயிலுக்கு என்று ஒரு கட்சி, கள்ளுக்கடைக்கு என்று ஒரு கட்சி. அவர் கேட்கவில்லை. சாவடிக்குப் பின்னால் ஒரு பிரசவ அறை கட்டினார். முதல் லைட்டு அங்கேதான் என்றார். ஊர் மருத்துவச்சி வீராயிக்கு அதில் வேலை. லைட்டுக்காரன் உத்தரத்தில் இரண்டு ஹோல்டர் வைத்தான்.

மேர் தெய்வநாயகம் வீட்டுக்கு வந்தாராம்.

"சொல்தா, முதல் பல்பு உங்களுது. துரை கையால வாங்கினது. நீங்களே மாட்டணும்."

"பழசு மேர். எரியாது."

"எரியலைன்னா வேற மாட்டிக்குவோம். ஊரு ஆசைப்படுது."

மறுக்க வாய் வரவில்லை. சொன்ன பொய் அத்தனை பெரிசு.

வெள்ளிக்கிழமை காலை. ஊரே கூடிவிட்டது. மேளம் இருந்தது, சர்க்கரைப் பொங்கல் இருந்தது. தெய்வநாயகம் தொப்பி வைத்து, மெடல் குத்தி, துணியில் சுற்றிய பல்போடு வந்தார். அறைக்குள் ஒரு ஸ்டூல். புது ஸ்டூல்தான். ஆனால் தரை மேடும் பள்ளமும். ஸ்டூல் ஆடியது. வீராயி முந்தானையைச் செருகிக் கொண்டு குனிந்தாள். இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்தாள்.

"ஏறுங்க சொல்தா. விழுந்துடாதீங்க. நான் பிடிச்சிருக்கேன்."

ஏறினார். கையை உயர்த்தினார். அப்படியே நின்றார். மேளக்காரன் ஒரு தடவை அடித்துப் பார்த்தான். இவர் அசையவில்லை.

"என்ன சொல்தா, ஹோல்டர் எட்டலையா? இன்னொரு ஸ்டூல் போடவா?" என்று எவனோ கேட்டான். சனங்கள் சிரித்தார்கள்.

"துரை கொடுக்கல" என்றாராம்.

ஸ்டூல் மேலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். சீட்டுப் போட்டுச் சொன்ன நாட்டைச் சொன்னார். கழட்டு, சுருட்டு, பெட்டியில போடு. கஞ்சி ஊற்றியவளைச் சொன்னார். ஆட்டம் கண்ட முக்காலியைச் சொன்னார். துணியைச் சொன்னார். காப்பி கலக்கிய துரையைச் சொன்னார். பொங்கல் ஆறிப் போயிற்று.

மேருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"விடுங்க சொல்தா. பட்டாளத்துல உத்தரவு. மீற முடியுமா? நீங்க என்ன பண்ணுவீங்க?"

"உத்தரவு இல்ல மேர். வேலை முடிஞ்சுதுன்னு சார்ஜெண்டு கையைத் தட்டிட்டான். யாரும் சொல்லல. நானாத்தான் திரும்பிப் போனேன்."

வீராயிதான் கேட்டாள். கீழே இருந்து, ஸ்டூலை விடாமல்.

"அன்னிக்கு ரெண்டு பேரு வருவாங்கன்னாளே. வந்தாங்களா?"

"தெரியாது."

"தலைச்சன்காரி என்ன ஆனா?"

"தெரியாது."

"நீங்க கேக்கல?"

"கேக்கல."

வீராயி கையை எடுத்தாளாம். "இறங்குங்க" என்றாள். "அந்த இருட்டு இங்க வேணாம்."

கடையிலிருந்து புதுப் பல்பு வாங்கி வந்து, ஒரு ஹோல்டரில் அவளே மாட்டினாள். இன்னொரு ஹோல்டர் அப்படியே கிடந்தது. தெய்வநாயகம் சனங்களுக்கு நடுவே நடந்து போனார். யாரும் திட்டவில்லை. வழி விட்டார்கள். வழி விட்ட விதம் முன்னே மாதிரி இல்லை. பவுனம்மாள் பத்தடி தள்ளி நடந்தாளாம். வீட்டுக்குப் போனதும் சோறு போட்டாள். பேச மட்டும் மூன்று மாசம் ஆயிற்று.

அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் காகிதம் எழுதினார். பிந்தா, மருத்துவச்சி, பிரசவ அறை என்று மேல் விலாசம். துணியையும் பல்பையும் அனுப்பிவிடவா என்று கேட்டு எழுதினார். எட்டுக் காகிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. அவள் இருந்தாளோ இல்லையோ. இருந்து படித்திருந்தால் மட்டும் என்ன எழுதுவாள்?

அதற்குப் பிறகு ஊரில் எவன் வீடு காலி செய்தாலும் வாசலில் போய் நிற்பாராம். "பல்பைக் கழட்டிட்டியா?" கழற்றியிருந்தால் தன் கையால் ஒன்று கொண்டு வந்து மாட்டிவிட்டுத்தான் போவார். எரிச்சலாகத்தான் இருந்தது சனங்களுக்கு. "வந்துட்டாருய்யா பல்பு சொல்தா" என்று காது படவே சொன்னார்கள். அவர் மறுத்துப் பேசினதில்லை.

அவர் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் புதுமணல்மேட்டில் வீடு காலி செய்கிறவர்கள் பல்பைக் கழற்றுவதில்லை. சாவியைக் கொடுக்கும்போது "விளக்கு இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். ஏன் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தலையைக் குனிந்து கொள்வார்கள். அவர் எங்கள் ஆள். இல்லை என்று எப்படிச் சொல்வது?

பிரசவ அறையை இரண்டு தடவை இடித்துக் கட்டிவிட்டார்கள். இப்போது டியூப் லைட்டு, ஏசி எல்லாம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் உத்தரத்தில் ஒரு ஹோல்டரைக் காலியாக வைத்துத்தான் கட்டுகிறார்கள். புதிதாக வருகிற நர்சுகள் கேட்பார்கள், "இதுல ஏன் பல்பு இல்ல? ஒண்ணு வாங்கி மாட்டட்டுமா?" என்று.

மாட்டக் கூடாது. அது பிந்தாவுடையது.